கமாடிஃபிகேஷன்: தமிழில் என்ன? (திங்களுக்குள் வேண்டும்)

அன்பர்களே,

முதலாமாண்டு மெய்யியல் வகுப்புக்கான 'சந்தையும் அறமும்' குறிப்பு திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. பாலியல் தொழில், வாடகைத்தாய், சிறுநீரக விற்பனை மூன்றிலும் 'கமாடிஃபிகேஷன்' வருகிறது, அதாவது சந்தைக்கு உரியதல்லாத ஒன்று விற்பனைப் பொருளாக மாறுவது. மார்க்சிய மொழிபெயர்ப்புகளில் 'சரக்கு' இருக்கிறதே என்று, 'உடல் சரக்காகிறது' என வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கடைசி பெஞ்சு சிரித்த சிரிப்பில் பாடம் போயிற்று. மாணவிகள் தலை நிமிரவேயில்லை.
– வி.

வி.,
பண்டமாக்கம். 'பண்டமாற்று' பள்ளியிலேயே படித்ததுதானே. முடிந்தது வேலை.
– செ.மு.

முடியவில்லை ஐயா. பண்டம் வடமொழிப் 'பாண்டம்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். பண்ணப்படுவது பண்டம் என்பது என் துணிபு. மதுரைக்காஞ்சியில் விலைஞர் கொண்டு திரிவது 'பண்ணியம்'. எனவே 'பண்ணியமாக்கம்'. ('பெஞ்சு' எதற்கு? விசிப்பலகை.)
– புலவர் அ.

பண்ணியத்துக்குப் பலகாரம் என்றும் அகராதியில் பொருள் இருக்கிறது. மறுபடி சிரிப்பார்கள்.
– செ.மு.

எனக்குப் பண்டத்தில் சிக்கல் இல்லை, 'ஆக்கம்' என்பதில்தான். பண்டமாதல் தன்வினை, பண்டமாக்கல் பிறவினை. ஆக்குபவர் யார்? வாங்குபவரா, தரகரா, வறுமையா, அந்தப் பெண்ணேதானா? ஆங்கிலச் சொல் இதைச் சொல்லாமல் நழுவுகிறது, தமிழ் விடாது. சட்டங்களும் இங்கேதான் பிரிகின்றன. பாலியல் தொழிலில் ஸ்வீடன் 1999-இல் விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைக் குற்றவாளியாக்கியது. நியூசிலாந்து 2003-இல் அதைத் தொழிலாகவே ஏற்றது. நம் நாட்டில் காசுக்கான வாடகைத்தாய் முறையை 2021 சட்டம் தடுத்தது, காசு வாங்காமல் உதவியாகச் செய்யலாம். அப்படியானால் குற்றம் உடலிலா, காசிலா?

இன்னொன்று: அமெரிக்கச் செயற்பாட்டாளர் கரோல் லீ 'செக்ஸ் ஒர்க்' (பாலியல் வேலை) என்று சொல்லத் தொடங்கியது, அந்தப் பெண் செய்வது வேலை என்று காட்டத்தான். அவள் விற்பது உழைப்பு என்றால், 'உடல் பண்டமாகிறது' என்ற வாக்கியமே ஒரு பக்கச் சாய்வுதான். விலைமகள், பொருட்பெண்டிர், பரத்தை... விற்பவளுக்கு இத்தனை பெயர். வாங்குபவனுக்கு?
– ந.

அம்மா, பரத்தன் இருக்கிறானே! குறள் 1311: 'நண்ணேன் பரத்தநின் மார்பு'. சிலம்பையும் பாருங்கள். மாதவியை யாரும் தெருவில் விலை கூறவில்லை. 1008 கழஞ்சு விலை வைத்துக் கூனி கையில் நின்றது அவள் மாலை. அதை வாங்குபவனுக்கே மாதவி. வாங்கியவன் கோவலன். பண்டம் மாலையா, மாதவியா? எனவே 'விலைப்படுத்தல்'. தன்வினைக்கு 'விலைப்படுதல்'. இரண்டும் கைவசம்.
– புலவர் அ.

பரத்தன் குறளோடு நின்றுவிட்டான் ஐயா, பரத்தை நேற்றுவரை வசையாக இருந்தாள். மாலை எடுத்துக்காட்டு அருமை, வகுப்பில் சொல்லலாம்.
– ந.

விலைப்படுதல் எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் விற்றுப்போவது. இங்கே விற்கத் தக்கதாக ஆவதல்லவா பேச்சு? விற்காத சிறுநீரகத்துக்கும் விலை உண்டு என்று ஒருவன் எண்ணத் தொடங்கினாலே கதை ஆரம்பம்.
– செ.மு.

ஞாயிறு இரவு பதினொன்றரை. 'விலைப்பண்டமாக்கம்' என்று கொடுத்துவிட்டேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். மாலைக் கதையைப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்தாயிற்று.
– வி.

'ஆக்கம்' என்பதற்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.
– ந.

எனக்கும். ஆக்கம் என்றால் செல்வம் என்றும் பொருள். தேர்வில் யாராவது அப்படி எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள்.
– புலவர் அ.