வழக்கே தள்ளுபடி ஆகிவிட்டது, பெயில் பாண்டுக்குக் கட்டிய 300 டாலர் திரும்ப வராதா?

பிளேனோ பாண்டி
மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக என் ரூம்மேட்டை டாலஸ் பக்கம் பிடித்துவிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் போட்ட பாண்டு, அதாவது ஜாமீன் தொகை 3,000 டாலர். மணி இரவு இரண்டரை. ஊரிலிருந்து அவன் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரே அழுகை. என் கணக்கில் பணம் இருந்தது, ஆனால் ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 500க்கு மேல் வராது. ஜெயிலுக்கு எதிரில் நியான் விளக்கு எரிந்த பெயில் பாண்டு கடைக்குப் போய் 300 டாலர் கட்டி, நாலு தாளில் கையெழுத்து போட்டு, காலை ஏழு மணிக்கு அவனைக் கூட்டி வந்தேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஆல்கஹால் அளவு சட்ட வரம்பான 0.08க்குக் கீழே என்று வந்து வழக்கே தள்ளுபடி. 300ஐத் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார். பகல் கொள்ளை என்பார்கள், இது ராத்திரிக் கொள்ளை. என்ன சொல்கிறீர்கள்?

குமாஸ்தா தாத்தா
மதுரையில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், இப்போது ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். இது கொள்ளை இல்லை தம்பி, கூலி. அந்த 3,000ஐ கோர்ட்டில் யாரும் கட்டவில்லை. பையன் வாய்தாவுக்கு வராவிட்டால் நாங்கள் கட்டுகிறோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்த எழுத்துக்கு விலை வழக்கமாகப் பத்து சதவீதம். வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும், மறுநாளே தள்ளுபடி ஆனாலும் அது திரும்பாது. வருஷம் முழுக்கக் கார் எங்கேயும் இடிக்கவில்லை என்று இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைத் திருப்பிக் கேட்பாயா?

நெல்லை மீனா
அந்த உதாரணம் ஒட்டவில்லை ஐயா. கார் இடித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பணத்தைக் கொடுக்கும். இங்கே ரூம்மேட் ஓடிப்போனால் கம்பெனி அந்த 3,000ஐ வசூலிக்கப் போவது பாண்டியிடம். பாண்டி, நீங்கள் கையெழுத்து போட்ட நாலு தாளில் ஒன்றில் அதுதான் இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஆபத்து உங்கள் தலையில், கூலி அவர்களுக்கு!

பிளேனோ பாண்டி
பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: அவன் வாரம் ஒரு முறை கடைக்குப் போன் செய்ய வேண்டும், டெக்சஸை விட்டுப் போகும் முன் அவர்களிடம் கேட்க வேண்டும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யார் படித்தது?

சான் அன்டோனியோ சரவணன்
சண்டை நடக்கட்டும். நாளைக்கு யாருக்காவது உதவும் என்று ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இருந்தால் கவுன்ட்டியிலேயே (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுத் தொகையையும் கேஷ் பாண்டாகக் கட்டலாம். அவன் ஒழுங்காகக் கோர்ட்டுக்குப் போய் வந்தால், வழக்கு முடிந்ததும் சிறு கட்டணம் போக மீதி திரும்ப வரும். டெக்சஸில் ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும், அதனால் கட்டுகிறவர் தன் பேரில் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த வகையில் பணம் வாங்குவார்கள் என்று முதலில் ஜெயிலுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், பல இடங்களில் பெர்சனல் செக் செல்லாது. டெக்சஸில் வக்கீலே தன் கட்சிக்காரருக்குப் பாண்டு எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. எப்படியும் வக்கீல் வைக்கத்தானே போகிறோம்? பாண்டு கடை ஏஜென்ட்தான் வேண்டும் என்றால், டாலஸ் மாதிரி பெரிய கவுன்ட்டிகளில் லைசென்ஸ் உள்ளவர்கள் பட்டியல் இருக்கும். போலீசோ ஜெயில்காரரோ "இந்தக் கடைக்குப் போ" என்று சொல்லக் கூடாது, சட்டமே அப்படி.

அப்புறம், உள்ளே இருப்பவன் போனில் என்ன நடந்தது என்று கதை சொல்ல ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். அந்த அழைப்புகள் பதிவாகின்றன.

நெல்லை மீனா
பணம் இருந்தால், பணம் இருந்தால்... அதுதானே என் கேள்வி! நியூயார்க்கில் காலீஃப் பிரவுடர் என்ற 16 வயதுப் பையனை 2010இல் ஒரு முதுகுப்பையைத் திருடியதாகச் சொல்லிப் பிடித்தார்கள். ஜாமீன் தொகை இதே 3,000 டாலர். வீட்டாரால் கட்ட முடியவில்லை. விசாரணையே நடக்காமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறக்குறைய மூன்று வருஷம், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. கடைசியில் வழக்கைக் கைவிட்டார்கள். வெளியே வந்த பிறகு 2015இல் தற்கொலை செய்துகொண்டான். ஜாமீனை இப்படிக் கடை போட்டு விற்பது உலகத்தில் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும்தான். அமெரிக்காவிலேயே கென்டக்கி 1976இல் இந்தக் கடைகளை மூடியது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே எடுத்துவிட்டது.

குமாஸ்தா தாத்தா
அந்தப் பையன் கதை கேட்க நெஞ்சு பதறுகிறது அம்மா, மறுக்கவில்லை. ஆனால் கடை இல்லாத ஊரில் ஏழைக்கு ஜாமீன் சுலபம் என்று நினைக்காதே. நம் ஊரில் கடை ஏது? இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், சொத்து வரி ரசீது வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும். மோதிராம் வழக்கு 1978இல் வந்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார், பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஒருத்தர் முன்வந்தால், உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார் மாஜிஸ்ட்ரேட். உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் கோர்ட் வாசலில் வாடகை ஜாமீன்தாரர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒரே ஆள் காலையில் ஒருவனுக்கு மாமா, மத்தியானம் இன்னொருவனுக்கு மச்சான். நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கள்ளக் கடையை விட, லைசென்ஸும் ரசீதும் உள்ள இந்தக் கடை மேல்.

நெல்லை மீனா
அது மோசம் என்பதால் இது நல்லது ஆகிவிடுமா ஐயா? இரண்டு இடத்திலும் ஏழைதானே உள்ளே கிடக்கிறான். 1872இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுதியதை வைத்துக்கொண்டு, தப்பியவனை வீட்டுக்குள் புகுந்து பிடிக்கக்கூட இவர்களுக்கு உரிமை உண்டு என்கிறார்கள். லைசென்ஸ் உள்ள கடைக்காரருக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு?

குமாஸ்தா தாத்தா
எதற்கென்றால், ஓடினவனைத் தேட அரசாங்கம் செலவு பண்ணாது, கடைக்காரன் பண்ணுவான், அதற்கு. இல்லினாயில் மட்டும் என்ன? ஆபத்தானவன் என்று நீதிபதிக்குத் தோன்றினால் உள்ளேயே வைக்கலாம், லட்சம் கொடுத்தாலும் வெளியே வர முடியாது. டெக்சஸில் 300 கொடுத்தால் பாண்டி தம்பி விடிவதற்குள் நண்பனைக் கூட்டி வரலாம்.

நெல்லை மீனா
அங்கே உள்ளே வைக்க வேண்டுமானால் அரசு வக்கீல் எழுந்து காரணம் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் மறுத்துப் பேசலாம். காசு இல்லை என்பது காரணம் ஆகாது. அது போதும் எனக்கு.

சான் அன்டோனியோ சரவணன்
தாத்தா ஒரு கட்சி, மீனா அக்கா ஒரு கட்சி, முடிவுக்கு வராது. பாண்டி, ஒன்று கேட்கிறேன். அந்த 300 தவிர கடையில் வேறு எதையாவது அடமானமாகக் கொடுத்தீர்களா? வழக்கு முடிந்தால் கூலி திரும்பாது, ஆனால் அடமானம் திரும்ப வேண்டும்.

பிளேனோ பாண்டி
ஐயோ. என் காரின் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம். எச்1பி வேலை விசாவில் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, சொந்த வீடு இல்லை என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 300க்காகச் சண்டை போட்டதில் அதைக் கேட்கவே மறந்துவிட்டேன். திங்கட்கிழமை தள்ளுபடி உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு போகிறேன். தாத்தா, வாங்கும்போது ரசீது ஏதாவது எழுதித் தருவார்களா, இல்லை நான்தான் கேட்க வேண்டுமா?

குமாஸ்தா தாத்தா
நீதான் கேட்க வேண்டும். பாண்டு முடிந்தது என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டு வாங்கு. அந்த நாலு தாளின் நகலையும் கேள். இந்த முறை உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்திரு.