கழுத்துத் தழும்பு ஏழாவது வாரத்தில் தடித்துவிட்டது, இது கீலாய்டா?

ஆயர்_ஈத்தாம்_பெண்

தைராய்டில் கட்டி என்று ஏழு வாரத்துக்கு முன் பாதியை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வாரம் தழும்பு மெல்லிய கோடுதான், கூட வேலை செய்பவர்களே "எங்கே வெட்டினார்கள்?" என்று கேட்டார்கள். இப்போது பார்த்தால் சிவந்து, கயிறு மாதிரி தடித்து, ராத்திரியில் அரிப்பு உயிரை எடுக்கிறது. தண்ணீர் விழுங்கும்போது அந்த இடத்துத் தோல் உள்ளே இழுபடுவது கண்ணாடியில் தெரிகிறது. தாலிச் செயின் வேறு சரியாக அதன்மேல்தான் உரசுகிறது, கழற்றி வைக்கட்டுமா என்று கேட்டேன், மாமியார் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பேச்சையே விட்டுவிட்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். மாமியார் வாரம் இரண்டு முறை விரால் மீன் சூப் வைக்கிறார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கமாட் (கடல் அட்டை) எண்ணெய் கொடுத்தார், தோழி வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தித் தடவு என்கிறாள். டாக்டர் "ஓகே, நார்மல்" என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டார். பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு தினமும் மோட்டாரில் போகிறேன், வெயில் நேரே கழுத்தில்தான் அடிக்கிறது. என்ன செய்யலாம்?

பழைய_மிஸ்ஸி (கோலாலம்பூர்)

தங்கச்சி, அறுவைச் சிகிச்சை வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியோடு திரும்பி வந்தவர்கள் கணக்கில்லை, அதுவும் சரியாக இரண்டாவது மாதத்தில்தான் வருவார்கள். மூன்றாவது வாரம் நீங்கள் பார்த்தது மேல்தோல் மூடியதை மட்டும்தான். உள்ளே உடம்பு தோலுக்குப் பலம் தரும் கொலாஜன் என்ற புரதத்தை அவசர அவசரமாகக் கொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, சிவப்பும் தடிப்பும் அதனால்தான். இரண்டு மூன்று மாதத்தில்தான் தழும்பு பார்க்க ரொம்ப மோசமாக இருக்கும். அப்புறம் கொட்டியதையெல்லாம் கலைத்து நிதானமாக அடுக்கும், அதற்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். அடுக்கி முடித்தாலும் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் திரும்பும்.

கீலாய்டா என்று பார்க்க, தடிப்பு வெட்டிய கோட்டுக்குள்ளேயே நிற்கிறதா, கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். கோட்டுக்குள் நிற்பது வெறும் தடித்த தழும்பு, பெரும்பாலும் தானே தணியும். தாண்டிப் போவதுதான் கீலாய்டு. மாதம் ஒரு முறை பத்து சென் காசைப் பக்கத்தில் பிடித்து, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், தினமும் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்பு எப்படி இருக்கிறது? அது புடைத்து வளர்ந்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

தடவ என்று கேட்டால் சிலிக்கோன்தான், ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ. உங்களுக்குக் கழுத்து அசைந்துகொண்டே இருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பட்டைக்கு அடியில் வேர்க்குரு வேறு வரும், அதனால் ஜெல். மெல்லிசாக, காலையும் இரவும், குறைந்தது இரண்டு மூன்று மாதம் விடாமல். வைட்டமின் ஈ வேண்டாம், பலன் நிரூபணமாகவில்லை, சிலருக்கு அதுவே அலர்ஜியாகித் தோல் வெந்துபோகும். கமாட் எண்ணெயை நான் நம்புவதில்லை, தடவினால் அதன்மேல் ஜெல் ஒட்டாது. விரால் சூப்பைக் குடியுங்கள், புரதம்தானே, மாமியாருக்கும் சந்தோஷம்.

விழுங்கும்போது இழுப்பது, உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டதால். மசாஜ் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சரி என்றால் விரல் நுனியால் மெதுவாக வட்டமாக, ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. திடீரென்று சூடு, சீழ், காய்ச்சல் என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

செந்தூல்காரன்

மிஸ்ஸி சொன்ன கோட்டைத் தாண்டும் கதை என்னுடையதுதான். பைபாஸ் செய்த நெஞ்சுத் தழும்பு எட்டு மாதத்தில் நண்டுக் கால் மாதிரி இரண்டு பக்கமும் ஊர்ந்தது. வேட்டி கட்டிச் சட்டையில்லாமல் கோயிலுக்குள் போகவே கூச்சமாகி, ஓர் அழகு நிலையத்தில் பெரும் பணம் கட்டி வெட்டி எடுத்தேன். ஒரு வருடத்துக்குள் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. வெட்டினால் அதுவும் ஒரு புதுக் காயம், வேறு சிகிச்சை சேர்க்காமல் வெறுமனே வெட்டினால் கீலாய்டு பெரும்பாலும் திரும்பும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போனேன், நிபுணரைப் பார்க்க அப்போது ஐந்து ரிங்கிட்தான் வாங்கினார்கள். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, மாதம் ஒன்று. ரப்பர் செருப்பில் ஊசி ஏற்றுவது போல இருக்கும், பொய் சொல்லமாட்டேன், கண்ணில் தண்ணீர் வரும். நான்காவது ஊசிக்குப் பிறகு அரிப்பு நின்றது, இப்போது பாதிக்கு மேல் தட்டையாகிவிட்டது, சுற்றிலும் தோல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இனி உடம்பில் எங்கும் குத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் தைப்பூசத்துக்கு அலகு கிடையாது, பால்குடத்தோடுதான் பத்துமலையின் 272 படியும் ஏறுகிறேன்.

வெயிலுக்கு ஒரு யோசனை தங்கச்சி: மோட்டாரில் போகும்போது ஜாக்கெட்டை நம் ஊர்க்காரர்கள் போடுவது மாதிரி முன்பக்கம் திருப்பிப் போடுங்கள், காலர் கழுத்தை மூடிவிடும்.

பிறை_மாமி

மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போடும்மா. எனக்கு சிசேரியன் தழும்பு இருந்த இடமே தெரியாது.

பழைய_மிஸ்ஸி (கோலாலம்பூர்)

மாமி, அது மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இடம், மஞ்சள் போடாவிட்டாலும் தெரியாது. இது கழுத்து, மஞ்சளோடு பேக்டரிக்குப் போகச் சொல்கிறீர்களா?

ஆயர்_ஈத்தாம்_பெண்

ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. பிசிஜி தழும்பு தட்டையாகத்தான் இருக்கிறது. காசை வைத்துப் படம் எடுத்தேன், தடிப்பு கோட்டைத் தாண்டவில்லை. மாமியாரிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் மறுநாள் அவரே லெபு பாசார் நகைக்கடைக்குக் கூட்டிப்போய் செயினை இரண்டு அங்குலம் நீட்டிக் கொடுத்துவிட்டார், இப்போது உரசவில்லை. ஒரே ஒரு சந்தேகம், சன்ஸ்கிரீன் ஜெல்லுக்கு மேலா, அடியிலா?

பழைய_மிஸ்ஸி (கோலாலம்பூர்)

மேலே. ஜெல் நன்றாகக் காய்ந்த பிறகு.