வேளாண் பல்கலைக்கழகத்தில் நெல்லைத் தவிர என்ன ஆராய்ச்சி நடக்கிறது?

கரூர்க்காரன்:
மகளுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. என் அண்ணன், "நாத்து நடக் கத்துக்க நாலு வருஷமா?" என்று கேலி பண்ணுகிறார். மகளோ ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். அவ்வப்போது புது நெல் ரகம் விடுவார்கள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே படித்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய மாணவி:
அண்ணா, நான் அங்கேதான் முதுகலை முடித்தேன். வீட்டில் விதைப் பை ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரகப் பெயரின் முன்னெழுத்திலேயே பாதி பதில் இருக்கிறது. கோ என்றால் கோவை, ஏடிடி ஆடுதுறை, பிகேஎம் பெரியகுளம், டிஎம்வி திண்டிவனம், விஆர்ஐ விருத்தாசலம். இந்த ஊர்களிலெல்லாம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. அந்தந்த ஊருக்கு என்ன தலைவலியோ, அங்கே அந்த ஆராய்ச்சி. திருச்சிப் பக்கம் களர் நிலம், அதாவது சோடிய உப்பு மிகுந்த மண். அதனால் களரைத் தாங்கும் நெல்லுக்கு டிஆர்ஒய் என்று பெயர். எனக்குப் பிடித்தது அருப்புக்கோட்டை. காளான் என்றால் ஊட்டிக் குளிர் என்றுதான் நினைத்திருந்தேன். ஏபிகே 2 என்ற பால்காளான் அந்த வெயில் ஊரிலிருந்து வந்தது!

மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி, சவுக்கு, மலைவேம்பு எல்லாம் அங்கே. பருவமழை முன்னறிவிப்புக்குத் தனி மையம் உண்டு. 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்கு மகளை ஒருமுறை கூட்டிப் போங்கள்.

நான் செய்தது நெல் கலப்பு, அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குவது. சாயங்காலம் கதிரில் ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் கெட்டது, பூ தன் மகரந்தத்திலேயே சூல் கொண்டுவிடும். பட்டர் பேப்பர் உறை போட்டுவிட்டு, மறுநாள் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூ விரியும்போது ஆண் கதிரைக் கொண்டுவந்து மேலே உதறுவோம். அந்த நேரத்தை விட்டால் அன்றைய வேலை போச்சு. முதல் பருவத்தில் கதிரில் கட்டும் பெயர் அட்டையில் பென்சிலுக்குப் பதில் பேனாவால் எழுதித் தொலைத்தேன். ஒரே மழை. அறுபது கதிர்கள், எது எதனோடு சேர்ந்தது என்று ஒன்றும் தெரியவில்லை. நாற்று நடவும் கற்றோம்தான், அதை உங்கள் அண்ணனிடம் மறைக்க வேண்டாம்.

முருங்கைத் தோட்டம்:
மேலே அந்த அம்மா சொன்ன பெரியகுளத்தின் பிகேஎம் 1 முருங்கைதான் என் தோட்டத்தில். அப்பா காலத்தில் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டுவிட்டுக் காத்துக் கிடப்போம். இது விதை போட்ட ஆறு மாதத்தில் காய்க்கிறது. சரி, காய்க்கிறது. எல்லார் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் காய்த்தால் பறிகூலிக்கே கட்டாது. அதற்கு ஏதாவது ரகம் உண்டா?

பழைய மாணவி:
ரகம் இல்லை ஐயா, ஆனால் ஆள் உண்டு. மஞ்சள், வெங்காயம் போன்றவற்றுக்கு அறுவடைக்கு முன்பே விலை எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்ல அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. வேளாண் பொருளாதாரம் படித்தவர்கள் செய்வது. கணிப்பு கணிப்புதான், அதுவும் தெரியும். முருங்கையில் சிலர் காயை விட்டு இலைக்கே மாறிவிட்டார்கள். காய வைத்துப் பொடியாக்கி விற்கிறார்கள்.

கரூர்க்காரன்:
நன்றிங்க. பரணில் ஒரு கடலை விதைப் பை கிடைத்தது, டிஎம்வி என்று போட்டிருக்கிறது. அண்ணனிடம் காட்டி விளக்கமும் சொன்னேன். "அப்போ பிள்ளையைத் திண்டிவனத்துக்கில்ல அனுப்பணும்?" என்கிறார்.