மறு: ஹைராக்ஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> கென்யா மலை ஏறுபவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன். அங்கே பாறைகளில் வாழும் சிறு விலங்கான ஹைராக்ஸுக்குப் 'பாறை முயல்' என்று போட்டுவிடலாமா? பார்க்க அப்படித்தானே இருக்கிறது?

வணக்கம்.

தூரத்தில் இருந்து பார்த்தால் சரி. ஆனால் மெக்கிண்டர் பள்ளத்தாக்கு வழியாக ஏறுகிறவர்கள் இதைத் தூரத்தில் பார்க்கப்போவதில்லை. ஏறக்குறைய 4200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷிப்டன் முகாமில் இது காலடிக்கே வந்து தின்பண்டம் கேட்கும். (கொடுக்காதீர்கள் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.)

கிட்டத்தில் பார்த்தால் முயலின் சாயல் போய்விடும். காது சின்னது, உருண்டை. வால் வெளியே தெரியாது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. நகங்கள் குட்டிக் குளம்புகளாகத் தட்டையாக இருக்கும். பின்காலின் உள்விரலில் மட்டும் வளைந்த நகம் ஒன்று, மயிர் கோதுவதற்கு. உள்ளங்கால் மெத்தென்று, வியர்வை ஈரத்தோடு இருப்பதால் வழுக்குப் பாறையிலும் பிடிப்பு தவறாது. மேல்வாயின் வெட்டுப்பற்கள் இரண்டும் தந்தம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் இதன் நெருங்கிய உறவு யானையும், நம் பாக் நீரிணையில் மேயும் ஆவுளியா உள்ளிட்ட கடற்பசுக்களும்தான். முயல் இந்தக் குடும்பத்தில் எங்கேயும் வராது.

> விவிலியத்தில் 'குழிமுசல்' இருக்கிறதே. புதுச்சொல் எதற்கு?

லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது, உண்மை. பழகிய சொல் என்பதால் அகராதியில் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் இந்த விலங்கு குழி தோண்டாது, பாறை இடுக்கில் ஒண்டிக்கொள்ளும். அடுத்த வசனத்திலேயே 'முசல்' (அதாவது முயல்) வேறு விலங்காக வந்துவிடுவதையும் பாருங்கள்.

> முள்ளம்பன்றி மட்டும் பன்றியா?

இல்லைதான். அது ஊர் வைத்த பெயர், அதைத் திருத்த நாம் யார்? இங்கே நாம் உட்கார்ந்து யோசித்து வைக்கிறோம். நாளைக்குப் பாடநூலுக்கும் போகலாம். 'யானையின் உறவான பாறை முயல்' என்று படிக்கிற பிள்ளை குழம்பாதா? 'குளம்பெலி' என்று வந்த யோசனைக்கும் இதே பதில்தான்.

என் பரிந்துரை 'பிம்பி'. கென்யாவில் பேசும் சுவாஹிலி மொழியில் பாறை ஹைராக்ஸுக்கு அதுதான் பெயர். வழிகாட்டி கையை நீட்டி அதைத்தான் சொல்லப்போகிறார். படித்துவிட்டுப் போனவருக்கு உடனே பிடிபடும். தம்பி, கம்பி என்று சொல்கிற வாய்க்கு இது புதிதும் இல்லை, எழுத்துக்கூட்டலிலும் ஒலி சிதையாது. கங்காருவை அப்படியே எடுத்துக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறோம்.

> பிம்பி என்றால் பிம்பம்தான் ஞாபகம் வருகிறது.

வரட்டுமே. பாறையில் கூட்டமாகச் சாய்ந்து காலை வெயில் காய்கிற படம் ஒன்றைப் பக்கத்தில் போட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். உடம்புச் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ள முடியாத விலங்கு, அதனால் வெயில் வந்த பிறகுதான் மேயக் கிளம்பும். படம் எடுக்க அதுதான் நேரம்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். கிளிமஞ்சாரோவின் கீழ்க்காடுகளில் இரவில் அலறுகிற மர ஹைராக்ஸ் இருக்கிறது. அதற்குச் சுவாஹிலியில் 'பெரேரே' என்று தனிப்பெயர். இரண்டையும் கடன் வாங்கினால் உறவு மறைந்துவிடும். பாறைப்பிம்பி, மரப்பிம்பி என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள், கையேடு அச்சுக்குப் போவதற்குள்.

அன்புடன்.