பழைய இண்டிகோ மெரினாவுக்குக் கையைக் கடிக்காத விலையில் ரூஃப் ரெயில், என்ன வழி?

மெரினாக்காரன்_ஈரோடு:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2006 மாடல் டாடா இண்டிகோ மெரினா வேகன் (டிக்கி வரை கூரை நீளும் கார்) இருக்கிறது, அதே பழைய 1405 சிசி டீசல். வேலை சிசிடிவி மாட்டுவது, அதனால் பின் சீட்டை மடித்துப் போட்டால் கேபிள் சுருள், ட்ரில் மெஷின், டிவிஆர் பெட்டி எல்லாம் உள்ளே அடங்கிவிடுகிறது, அதற்காகத்தான் இந்த வண்டியை விடாமல் வைத்திருக்கிறேன். பத்தடி அலுமினிய ஏணியும் பைப் கட்டும் மட்டும் உள்ளே போகாது. இப்போதைக்கு முன் சீட்டைச் சாய்த்து, டிக்கிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டுகிறேன், கூட வரும் பையன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

என் வண்டியில் ரூஃப் ரெயில் (கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கம்பி) கிடையாது, மேலே வெறும் தகரம்தான். பிராண்டு சாமான் விற்கும் கடையில் ரெயில், குறுக்குக் கம்பி, பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்துக் கேட்டால் வண்டி விலையில் கால்வாசியைச் சொல்கிறார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் "மேல ஓட்டை போட்டு போல்ட் அடிச்சுடலாம் சார், அரைமணி நேர வேலை" என்கிறார். அந்த அரைமணி நேரத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என் பட்ஜெட் நாலாயிரம், மிஞ்சினால் ஐயாயிரம். பழைய மெரினா ரெயில் எங்கேயாவது கழற்றி விற்பார்களா? இல்லை வேறு வழி இருக்கிறதா?

வெள்ளை_ஆல்டோ:

ப்ரோ, ஆன்லைனில் ஒட்டுற ரெயில் கிடைக்குது, 1,500-இல் இருந்து இருக்கு. அடியில் டபுள் சைடு டேப், துடைச்சு ஒட்டினா முடிஞ்சுது. என் மச்சான் வண்டியில் ஒட்டி ரெண்டு வருஷமாச்சு, சும்மா கும்முன்னு இருக்கு.

டிங்கர்_அம்மாபேட்டை:

ஆல்டோ தம்பி சொல்வது அழகுக்கு. அதில் குறுக்குக் கம்பி மாட்டி ஏணி கட்டினால் பெருந்துறை தாண்டுவதற்குள் ஏணி பின்னால் வருகிற லாரிக் கண்ணாடியில் இருக்கும். உள்ளே பிளாஸ்டிக், மேலே வெள்ளி பெயிண்ட், பிடிமானம் டேப் மட்டும். வெயிலில் மேல் தகரம் எவ்வளவு சுடும் என்று கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சூட்டில் டேப்பின் பசை இளகும். தயவுசெய்து அதில் எதையும் கட்டாதீர்கள்.

ஈரோட்டு நண்பருக்கு. முதலில் ஒரு காசு செலவில்லாத வேலை. கூரையின் இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை ஒரு கறுப்பு ரப்பர் பீடிங் ஓடும். அதன் ஒரு முனையைப் பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பெயிண்ட் கீறும். பல கம்பெனிகள் ரெயில் உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் ஒரே பாடியைத்தான் அடிக்கும், ரெயில் வராத வண்டியிலும் அதற்கான நட்டு பீடிங்குக்கு அடியில் ரப்பர் மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். எல்லா வண்டியிலும் இருக்காது. இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பழைய ரெயில் கிடைத்தால் ஸ்பானரோடு வேலை முடிந்தது.

நட்டு இல்லை என்றால் அந்த அரைமணி நேர வேலைக்குப் போகாதீர்கள். கார் கூரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் பலமெல்லாம் அடியில் குறுக்கே ஓடும் வளைவுப் பட்டைகளிலும் ஓரத்தில் தூண்களோடு சேரும் பெட்டி மாதிரியான பகுதியிலும்தான். நடுத் தகரத்தில் ஓட்டை போட்டு ரிவ்நட் (தகரத்திலேயே பதிந்து உட்காரும் நட்டு) அடித்தால் முதல் வாரம் கெட்டியாக இருக்கும், பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் தகரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் ஆடி ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். போன மழைக்காலத்தில் இப்படி ஓட்டை போட்ட ஒரு வேகன் பட்டறைக்கு வந்தது. வெளியே பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. உள்ளே ரூஃப் லைனிங்கை (கூரையின் உள்பக்க உறையை) இறக்கினால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் உள்ளங்கை அகலத்துக்குத் துரு, விரலால் அழுத்தினால் பெயிண்ட் செதிலாக உதிர்கிறது. ட்ரில் போட்ட விளிம்புக்கு பிரைமரே அடிக்கவில்லை. அதைவிட மோசம், பாத்ரூமுக்குப் போடும் சிலிகானைப் பிதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காடி வாசனை வரும் சிலிகான் காயும்போது அமிலம் விடும், அதுவே இரும்பை அரிக்கும். ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் லைனிங்கைக் கழற்றி, வளைவுப் பட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதன்மேல்தான் போட வேண்டும், வெட்டிய விளிம்புக்கு ஜிங்க் பிரைமர், உள்பக்கம் ஒரு தாங்கு பிளேட், மேலே முன்கண்ணாடி ஒட்டுகிற பாலியூரித்தேன் சீலன்ட். இதெல்லாம் ஒரு நாள் வேலை, லைனிங் பழசாக இருந்தால் கழற்றும்போதே ஸ்பாஞ்ச் பொடியாகக் கொட்டும், அதை மாற்றும் செலவு தனி.

பழைய ரெயில் வேண்டும் என்றால் கோவை உக்கடம், சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். ஆனால் நம் நாட்டில் வேகன் விற்றதே கம்மி. மெரினா, பலேனோ ஆல்டுரா, கோர்சா ஸ்விங், ஆக்டேவியா காம்பி, எல்லாமே எண்ணி எடுக்கிற அளவுதான் உடைக்க வரும். வந்தாலும் காயலான் கடைக்காரர் முதலில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும்தான் எடுப்பார், ரெயில் கூரையோடு சேர்ந்து நசுங்கி எடைக்குப் போய்விடும். முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் உண்டு.

யாழ்_டிஎக்ஸ்:

எங்கட பக்கம் பழைய கொரோலா டிஎக்ஸ் வேகன் இன்னும் ஓடுது, அதில இந்தப் பிரச்சினையே இல்லை. கூரை ஓரத்தில மழைத்தண்ணி ஓடுற பீலி வெளியாலயே இருக்கு, அதில கவ்வுற மாதிரி நாலு கால் செய்து குறுக்குக் கம்பி போட்டா ஏணி என்ன, கட்டிலே ஏத்தலாம். உங்கட வண்டியில பீலி இருக்கோ எண்டு பாருங்கோ.

டிங்கர்_அம்மாபேட்டை:

யாழ் நண்பரே, இண்டிகோவில் அந்த வெளிப் பீலி இல்லை, பீடிங்குக்கு அடியில் இருப்பது தகரம் சேரும் குழி மட்டும்தான், அதைக் கவ்வ முடியாது.

சரவணம்பட்டி_சைக்கிள்:

ரெயில் எதற்கு என்று முதலில் யோசியுங்கள் அண்ணா. சுமையைத் தாங்குவது குறுக்குக் கம்பி, ரெயில் அந்தக் கம்பியைப் பிடிக்க ஒரு இடம், அவ்வளவுதான். ரெயில் இல்லாத கூரைக்கு கதவு வாசலில் கவ்வும் கிளாம்ப் உண்டு. கதவைத் திறந்தால் மேலே ரப்பர் பீடிங்குக்கு வெளியே பாடியில் ஒரு விளிம்பு இருக்கும் அல்லவா, அதில் தகட்டுக் கொக்கி மாட்டி, ரப்பர் பாதம் கூரை ஓரத்தில் உட்கார, நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்குவது. முன் கதவு வாசலில் ஒரு ஜோடி, பின் கதவு வாசலில் ஒரு ஜோடி. நான் சைக்கிள் ஏற்ற இதைத்தான் பயன்படுத்துகிறேன், ஓட்டை கிடையாது, வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம்.

ரெடிமேட் செட் 2,500-இல் இருந்து கிடைக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது கொக்கித் தகடு. தடிமனாக இருந்தால் கதவு சாத்த அடம் பிடிக்கும், ரப்பர் ஒட்டாமல் மழையில் தண்ணீர் உள்ளே வரும், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் விசில் அடிக்கும். மெல்லியதாகவும் மேலே பிவிசி பூச்சோடும் இருக்க வேண்டும். பாதம் கூரை வளைவுக்குச் சரியாக உட்கார்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள், ஒரு ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே பள்ளம் விழும்.

கிளாம்ப் மட்டும் வாங்கி கம்பியை நீங்களே போடுவதானால் இன்னும் மலிவு. 25க்கு 25 ஸ்கொயர் பைப், 1.6 மி.மீ. தடிமன், மீட்டருக்கு 1.2 கிலோதான் வரும். கம்பியின் இரண்டு முனையையும் மூடி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புல்லாங்குழல் கச்சேரிதான்.

எடை விஷயம், இந்த அளவு கார்களுக்குக் கூரையில் பொதுவாக 50-இல் இருந்து 75 கிலோ வரைதான் சொல்வார்கள், கேரியர் எடையும் அதற்குள் அடக்கம். உங்கள் மேனுவலில் போட்டிருப்பது எதுவோ அதுவே கணக்கு. ஏணியும் பைப் கட்டும் முப்பது கிலோவைத் தாண்டாது என்று நினைக்கிறேன். எடையைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும், வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 60-இல் சும்மா கிடந்த ஏணி 120-இல் கிளம்பப் பார்க்கும்.

ஆர்சிபுக்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருக்கும் விவரத்துக்கு மாறாக, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கிப் பிடித்தது. கழற்றி மாட்டும் கிளாம்புக்கு இதைச் சொல்லி யாராவது நிறுத்துவார்களா என்பது எதிரே நிற்கும் அதிகாரியைப் பொறுத்தது. ஆனால் வெல்டிங் வைத்து நிரந்தரக் கேரியர் போட்டால் எஃப்சியில் (தகுதிச் சான்றுப் பரிசோதனையில்) கழற்றச் சொல்ல வாய்ப்பு அதிகம். உங்களுடையது 2006 என்றால் 15 வருடம் 2021-இல் முடிந்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருப்பீர்கள், அப்படியானால் அடுத்தது 2026. அன்றைக்கு கேரியரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

மெரினாக்காரன்_ஈரோடு:

எல்லாருக்கும் நன்றிங்க. டிங்கர் அண்ணன் சொன்ன மாதிரி பீடிங்கைத் தூக்கிப் பார்த்தேன், என் வண்டியில் நட்டு எதுவும் இல்லை, ஸ்பாட் வெல்டு வரிசையும் காய்ந்துபோன சீலரும் பதினேழு பதினெட்டு வருஷத்து மண்ணும்தான். அதனால் ரெயில் ஆசையை விட்டாச்சு. கிளாம்ப் செட் 2,800-க்கு வாங்கினேன், ஸ்கொயர் பைப், கறுப்பு பெயிண்ட், முனை மூடி எல்லாம் சேர்த்து 3,600-க்குள் முடிந்தது. வலது பின் கதவு மட்டும் சாத்தும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, கொக்கியை ஒரு விரற்கடை முன்னே தள்ளியதும் பரவாயில்லை. இரண்டு கம்பிக்கும் இடையே 70 செ.மீ.தான் கிடைக்கிறது, பத்தடி ஏணிக்கு இது போதுமா? முன்னாலும் பின்னாலும் நிறைய நீட்டிக்கொண்டு நிற்கிறது.

சரவணம்பட்டி_சைக்கிள்:

போதும், ஆனால் கம்பியில் மட்டும் கட்டி விடாதீர்கள். ஏணியின் முன் முனையிலிருந்து ஒரு பட்டை முன் பம்பருக்கு அடியில் இழுவைக் கொக்கி வரைக்கும், பின் முனையிலிருந்து ஒன்று பின் கொக்கிக்கு. முன்பக்கத்தை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து வி வடிவத்தில் கட்டினால் பக்கவாட்டில் ஆடாது. நைலான் கயிறு இழுபடும், லாரிக்காரர்கள் போடும் பக்கிள் வைத்த பட்டை வாங்குங்கள், அதையும் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடவென்று அடிக்காது. பின்னால் நீட்டும் முனையில் சிவப்புத் துணி.

மாட்டியதும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி நாலு போல்ட்டையும் ஒருமுறை பாருங்கள், ரப்பர் அமுங்கியதும் லூஸ் ஆகும். பிறகு மாதம் ஒருமுறை பாதத்தைத் தூக்கி அடியில் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே மாட்டுகிற மணல்தான் பெயிண்ட்டைத் தேய்க்கும்.

வெள்ளை_ஆல்டோ:

சரி, மச்சானிடம் அந்த ஒட்டுற ரெயிலில் எதையும் கட்டாதே என்று சொல்லிவிட்டேன். கார் வாஷில் ஏற்கெனவே ஒரு மூடி பறந்துபோச்சாம்.