காய்ச்சலும் இல்லை, கிருமியும் இல்லை. வெள்ளணு மட்டும் ஏன் 17,000?

நிலாவெளி அம்மா:
என் மகளுக்கு 13 வயது. டைப் 1 சீனி வருத்தம் வந்து நான்கு வருடம். போன வாரம் இரவு சத்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, சீனி இறங்கிவிடுமே என்று பயந்து இரவு ஊசியை நான்தான் போடாமல் விட்டேன். விடியும்போது மூச்சு வாங்கியது, வாயில் அழுகிய பழ வாசம். ஓட்டோ பிடித்துத் திருகோணமலைக்குக் கொண்டு போனோம். சீனி 480. கீற்றோ அசிடோசிஸ் என்றார்கள். கோணேசர் புண்ணியத்தில் இப்போது வீட்டில் இருக்கிறாள்.

இரத்தத்தில் வெள்ளணு 17,000, அழற்சியைக் காட்டும் சீஆர்பியும் கூட. ஆனால் சலத்திலோ நெஞ்சுப் படத்திலோ கிருமித் தொற்று இல்லையாம். அப்படியென்றால் அழற்சி எங்கிருந்து வந்தது? ஒரே இரவில் கன்னம் ஒட்டிப் போனதே, கொழுப்பு கரைந்ததா? சீனி 230க்கு இறங்கிய பிறகும் இன்சுலினை நிறுத்தாமல் குளுக்கோஸ் சேலைனும் சேர்த்து ஏற்றினார்கள். அது ஏன்?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, கடைசிக் கேள்விதான் முக்கியம். இன்சுலினின் வேலை சீனியை இறக்குவது மட்டுமல்ல, கொழுப்புக் கிடங்கின் பூட்டும் அதுதான். அது இல்லாமல் போனால் லிப்பேஸ் நொதியங்கள் கொழுப்பை உடைத்துத் தள்ளும். அந்தக் கொழுப்பமிலங்களை ஈரல் கீற்றோனாக மாற்றும், இரத்தம் அமிலமாகும். சத்தியும் வயிற்றுவலியும்கூட அதனாலேயே வரலாம். கீற்றோன் அடங்கும்வரை இன்சுலின் ஓட வேண்டும். சீனி 250 அளவுக்கு வந்ததும் குளுக்கோஸ் சேர்ப்பது அந்த இன்சுலினை நிறுத்தாமல் இருக்கத்தான்.

கன்னம் ஒட்டியது பெரும்பாலும் நீர் வற்றியதால்.

அழற்சிக்குக் கிருமியே வேண்டும் என்றில்லை. உடல் இந்த நெருக்கடியில் அதிரினலின், கோட்டிசோல் ஓமோன்களைக் கொட்டும். இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளணுக்கள் அப்போது ஓட்டத்தில் கலந்துவிடும். ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருட்களும் ஏறும். டிஎன்எஃப் கொழுப்பை இன்னும் உடைக்க வைக்கும், இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடாது. ஒன்றை ஒன்று தூக்கிவிடும் சுழல் இது. இன்சுலின் ஏறத் தொடங்கினால் இரண்டும் தணியும். ஆனாலும் தொற்றைத் தேடிப் பார்த்தது சரிதான். இந்த நிலையில் தொற்று இருந்தும் காய்ச்சல் காயாமல் இருப்பதுண்டு. வெள்ளணு 25,000ஐத் தாண்டினால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

கிண்ணியா தம்பி:
அக்கா, எனக்கும் டைப் 1தான், பதினொரு வருடம். ஒரு தடவை சிகிச்சை நடக்கும்போதே கீற்றோன் பார்க்கும் சலப் பட்டையில் நிறம் இன்னும் கறுத்தது, உம்மா அழுதுவிட்டார். பிறகுதான் விளங்கியது: அந்தப் பட்டை அசிட்டோஅசிட்டேற் என்ற கீற்றோனை மட்டும்தான் காட்டும். அதிகமாக இருக்கும் மற்றக் கீற்றோன் குணமாகும்போது அதுவாக மாறுவதால், நிறம் கூடினாலும் ஆள் தேறிக்கொண்டிருக்கலாம்.

நிலாவெளி அம்மா:
அப்போ நான் ஊசியை விட்டதுதான் பிழை. இனிச் சத்தி வந்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற தாதி:
உங்களைப் பழி சொல்லிக்கொள்ள வேண்டாம், நிறையத் தாய்மார் இப்படித்தான் நினைக்கிறார்கள். சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை விடக்கூடாது. சாப்பாட்டோடு போடும் மற்ற இன்சுலினின் அளவை கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சீனியையும் கீற்றோனையும் பாருங்கள். இரத்தக் கீற்றோன் 1.5ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேசுங்கள். 3 என்றாலோ சத்தி நிற்காவிட்டாலோ நடுச்சாமம் என்றாலும் வண்டி பிடியுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

கிண்ணியா தம்பி:
சலப் பட்டை வாங்கினால் டப்பாவைத் திறந்த திகதியை மேலே எழுதி வையுங்கள் அக்கா. மூடியை இறுக்கி மூடுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் சீக்கிரம் கெட்டுவிடும்.