ரௌட்டர் தரும் டிஎன்எஸ் வேண்டாம்

அக்கா: சித்தப்பா, புகைப்படங்கள் வைத்திருக்கும் உபுண்டு சர்வர், தளப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு ரௌட்டர் சொல்வதை விட்டு நம்முடையதைக் கேட்க வேண்டும். அதற்காக, டிஎன்எஸ் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து நம் முகவரியை எழுதுகிறேன். ரீபூட் செய்தால் காணாமல் போகிறது!

சித்தப்பா: போகத்தான் செய்யும் அம்மா. அது கையால் எழுதுகிற கோப்பே அல்ல. உள்ளே 127.0.0.53 என்று இருந்ததா?

அக்கா: ஆமாம், அதேதான்.

சித்தப்பா: அப்படியென்றால், பெயர்களைத் தேடித் தரும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சேவை தானே உருவாக்கும் கோப்பு அது.

தம்பி: மாற்ற முடியாதபடி கோப்பைப் பூட்டிவிட்டால்?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். பின்னால் வருகிறவர் காரணம் புரியாமல் திண்டாடுவார். ரௌட்டர் நெட்வொர்க் விவரங்களைத் தானாகக் கொடுக்கும் முறைதான் டிஎச்சிபி; அதில் 6-ஆவது ஆப்ஷனே டிஎன்எஸ் முகவரிக்குத்தான். ரௌட்டர் கொடுக்கட்டும், சர்வர் வாங்காமல் இருக்க வேண்டும்.

அக்கா: டிஎச்சிபியையே நிறுத்திவிடட்டுமா?

சித்தப்பா: எதற்கு? ஐபி முகவரியும் கேட்வேயும் அங்கிருந்தே வரட்டும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதும் நெட்பிளான் யாமல் கோப்பில், டிஎச்சிபி4 (ஐபிவி4-க்கான டிஎச்சிபி) வரிக்குக் கீழே டிஎச்சிபி4-ஓவர்ரைட்ஸ் என்று எழுது. அடுத்த வரியை உள்ளே தள்ளி, யூஸ்-டிஎன்எஸ்: ஃபால்ஸ். பிறகு நேம்சர்வர்ஸ் பகுதியில் நம் முகவரி. உள்ளே தள்ள டேப் கூடாது, ஸ்பேஸ்தான்.

தம்பி: கோப்பின் பெயரில் கிளவுட்-இனிட் என்று இருந்தால்?

சித்தப்பா: நன்றாகக் கேட்டாய். அதைத் தொட வேண்டாம், சர்வரைத் தொடக்கத்தில் அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் என்ற நிரல் அதைத் திரும்ப எழுதிவிடக்கூடும். 99 என்று தொடங்கும் தனிக் கோப்பு வை. பெயர் வரிசையில் பின்னால் வருவது சொல்வதே செல்லும்.

அக்கா: தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச் வழியாகத்தான் உள்ளே இருக்கிறேன். தொடர்பு அறுந்துவிட்டால் என்ன செய்வது?

சித்தப்பா: நெட்பிளான் அப்ளை கொடுக்காதே, நெட்பிளான் ட்ரை கொடு. 120 விநாடிக்குள் நீ என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

அக்கா: செய்துவிட்டேன். இப்போதைய டிஎன்எஸ்ஸைக் காட்டும் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையில் நம் முகவரி வந்துவிட்டது. ஆனால் எஃப்இ80 என்று தொடங்கும் ஒன்றும் கூடவே இருக்கிறதே?

சித்தப்பா: அது ஐபிவி6 முகவரி! பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ரௌட்டர் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பிலேயே டிஎன்எஸ்ஸும் வந்துவிடும். டிஎச்சிபி4-க்குப் போட்ட தடை அதைத் தொடாது. புதிய நெட்பிளான் என்றால் அந்த அறிவிப்புக்கான ஆர்ஏ-ஓவர்ரைட்ஸ் போட்டு, அதிலும் யூஸ்-டிஎன்எஸ்: ஃபால்ஸ். டிஎச்சிபி6 ஓடினால் அதற்கும் தனியாக.

தம்பி: என் மடிக்கணினியில் நெட்வொர்க்கைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல். அங்கேயும் இதேதானா?

சித்தப்பா: பெயர்தான் வேறு. இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ் என்பதை ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் யெஸ் ஆக்கு.

அக்கா: எஃப்இ80 போய்விட்டது. ரீபூட் செய்தும் பார்த்தேன், நம் முகவரி மட்டும்தான் இருக்கிறது.

சித்தப்பா: சபாஷ். அந்த 99 கோப்பின் முதல் வரியில் ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுதிவிடு.